கேனோவில் போய்ப் பாறைக் கோபுரம் ஏறப் போகிறீர்களா?

அமெரிக்காவின் யூட்டாவில் கிரீன் ஆற்றில் நண்பர்களோடு கேனோவில் (துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு) இறங்கி, கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா பக்கம் மணற்பாறைக் கோபுரங்கள் ஏறத் திட்டம் போடுகிறவர்கள் மழையைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். மணற்பாறை நனைந்தால் வலுவை இழந்துவிடும். பிடித்த விளிம்பும் விரிசலில் வைத்த கேமும் (விழுந்தால் கயிற்றோடு தாங்கும் கருவி) அப்படியே பிய்ந்து வரலாம், பாறையும் நிரந்தரமாகச் சிதையும்.

மேலே காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். அடிவாரத்து மணலைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஏற வேண்டாம், நல்ல மழைக்குப் பிறகு காய இரண்டு மூன்று நாள்கூட ஆகும், அதனால் சாப்பாட்டையும் நாட்களையும் கூடுதலாகவே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கயிற்றைத் தண்ணீர் புகாத பையில் கட்டுங்கள். ஆற்று நீர் ஒரே வண்டல், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இரவே வாளியில் பிடித்துத் தெளியவிட்டு அப்புறம் வடிகட்டுங்கள். ஏறப் போகும்முன் கேனோவை நன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள், எங்கோ பெய்த மழைக்கு இங்கே தண்ணீர் உயரும்.

தேசியப் பூங்கா எல்லைக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். மனிதக் கழிவையும் கையோடு எடுத்து வர வேண்டும். கிரீன் ஆறு கொலராடோ ஆற்றில் கலந்த பிறகு கரையில் வரும் ஸ்பானிஷ் பாட்டம் என்ற இடத்தைத் தாண்டினால் கேட்டராக்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஆபத்தான, சீறிப்பாயும் நீரோட்டங்கள், ஆகவே ஸ்பானிஷ் பாட்டத்திலிருந்து மோவாப் ஊருக்குத் திரும்ப ஜெட் படகை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.