'ஹூ டோல்ட் யூ?' வேறு, 'ஹூ டிட் யூ டெல்?' வேறு: ஆங்கிலத்தில் கேள்வி அமைப்பது எப்படி?

தமிழில் ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்க ஓர் 'ஆ' போதும். 'வந்தான்' என்பது 'வந்தானா' ஆகிவிடும். சொற்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாறியாக வேண்டும். எது எங்கே போகும் என்பதில் நீங்கள் எடுக்கும் வினைச்சொல்லுக்கும் பங்கு உண்டு. வரிசை விதிகளை ஒரு நாள், சே–டெல் வேறுபாட்டை இன்னொரு நாள் என்று பிரித்துப் படித்தவர்கள் பேசும்போது திணறுவது இதனால்தான். இங்கே இரண்டையும் சேர்த்தே பழகலாம். நிகழ்கால, இறந்தகால வினை வடிவங்கள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் பதிலை எழுதுங்கள்

கேள்வியை நேராக எழுத முயல வேண்டாம். எதிர்பார்க்கும் பதிலை முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'ஷீ வொர்க்ஸ் ஹியர்', 'ஷீ இஸ் வொர்க்கிங்', 'ஷீ கேன் வொர்க்'.

படி 2: துணைவினையைத் தேடுங்கள்

இஸ், ஆர், வாஸ், வில், கேன், ஷுட் போன்ற ஒன்று இருந்தால் அதை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவந்தால் போதும்: 'இஸ் ஷீ வொர்க்கிங்?', 'கேன் ஷீ வொர்க்?'. அப்படி எதுவும் இல்லையென்றால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்: 'டஸ் ஷீ வொர்க் ஹியர்?'.

காலத்தையும் 'ஸ்' ஒலியையும் டஸ், டிட் தம்மோடு எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் யூ வென்ட்?', 'டஸ் ஷீ வொர்க்ஸ்?' என்று சொன்னால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ததாகிறது. 'டிட் யூ கோ?', 'டஸ் ஷீ வொர்க்?' என்பதே சரி. (சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'வாட் சே யூ?' என்று டூ இல்லாமலே கேட்டார்கள். இன்று அப்படிக் கேட்டால் நாடக வசனம் போலிருக்கும்.)

படி 3: கேள்விச்சொல்லை முன்னால் வையுங்கள்

வாட், வேர், வென், வொய், ஹவ் ஆகியவை துணைவினைக்கும் முன்னால் வரும்: 'வேர் டஸ் ஷீ வொர்க்?'. கேள்விச்சொல்லோடு ஒட்டிய பெயர்ச்சொல்லும் கூடவே நகரும். 'ஹவ் மெனி புக்ஸ் டிட் யூ ரீட்?' என்பதில் புக்ஸைப் பின்னால் விட்டுவிடக் கூடாது.

படி 4: யார் செய்தது, யாருக்குச் செய்தது?

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இது. 'உனக்கு யார் சொன்னது?', 'நீ யாரிடம் சொன்னாய்?' என்ற இரண்டையும் தமிழில் வேற்றுமை உருபு பிரித்துக் காட்டுகிறது. 'இடம்' ஒட்டியிருந்தால் போதும், சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் சொல்வரிசைதான் செய்கிறது.

கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் டிட் வராது, எதுவும் இடம் மாறாது: 'ஹூ டோல்ட் யூ?' (உனக்கு யார் சொன்னது?). கேள்விச்சொல் செயப்படுபொருளானால் டிட் வரும்: 'ஹூ டிட் யூ டெல்?' (யாரிடம் சொன்னாய்?). 'ஹூ சா யூ?' என்றால் உன்னைப் பார்த்தவர் யார் என்ற கேள்வி. 'ஹூ டிட் யூ சீ?' என்றால் நீ பார்த்தது யாரை என்ற கேள்வி. 'வாட் ஹேப்பண்ட்?' என்பதும் முதல் வகைதான். அதனால்தான் 'வாட் டிட் ஹேப்பன்?' காதுக்கு ஒட்டாமல் ஒலிக்கிறது.

பழகுவதற்கு ஒரே வாக்கியத்தை எடுத்து நான்கு கேள்விகளாக்குங்கள். 'ஷீ மெட் ஹிம் அட் தி லைப்ரரி எஸ்டர்டே' என்பதிலிருந்து: ஹூ மெட் ஹிம்? ஹூ டிட் ஷீ மீட்? வேர் டிட் ஷீ மீட் ஹிம்? வென் டிட் ஷீ மீட் ஹிம்? முதல் கேள்வியில் மட்டும் டிட் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லும்போது கவனியுங்கள்.

படி 5: வினைக்கு என்ன துணை வேண்டும் என்று பாருங்கள்

சே, டெல் இரண்டும் 'சொல்'தான். ஆனால் டெல்லுக்குப் பின்னால் பொதுவாகக் கேட்கும் ஆள் உடனே வர வேண்டும்: 'வாட் டிட் ஷீ டெல் யூ?'. சே என்றால் ஆள் தேவையில்லை: 'வாட் டிட் ஷீ சே?'. ஆளைச் சேர்த்தால் நடுவில் டு வரும்: 'வாட் டிட் ஷீ சே டு யூ?'. 'வாட் டிட் ஷீ சே யூ?' தவறு. 'டெல் எ லை', 'டெல் தி ட்ரூத்' போன்ற சில தொடர்களில் மட்டும் டெல் ஆளில்லாமலும் வரும்.

ஆஸ்க் என்றதும் தமிழின் 'அவரிடம்' குறுக்கே வந்து 'ஆஸ்க் டு ஹிம்' என்று சொல்ல வைக்கும். டு வேண்டாம்: 'டிட் யூ ஆஸ்க் ஹிம்?'. டிஸ்கஸ் என்ற வினைக்கு அபவுட் வேண்டாம்: 'வாட் டிட் யூ டிஸ்கஸ்?'. டாக்குக்கு வேண்டும், அதுவும் கேள்வியின் கடைசியில் தனியாக நிற்கும்: 'வாட் டிட் யூ டாக் அபவுட்?'.

கடைசியில் நிற்கும் இந்தச் சின்னச் சொல்லைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?', 'வாட் ஆர் யூ லிசனிங் டு?' இரண்டிலும் அது கட்டாயம். சீ, வாட்ச், ஹியர் மூன்றுக்கும் அது தேவையில்லை: 'வாட் டிட் யூ ஹியர்?'. தானாகக் காதில் விழுவது ஹியர், கவனித்துக் கேட்பது லிசன். தொலைபேசியில் ஒலி வருகிறதா என்று அறிய 'கேன் யூ ஹியர் மீ?' என்பார்கள், 'ஆர் யூ லிசனிங் டு மீ?' என்றால் எதிராளி கவனிக்கவில்லை என்ற குறை அதில் தொனிக்கும்.

இந்தப் படிக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சே, டெல் இரண்டு வினைக்கும் அது 'சொல்' என்றுதான் பொருள் தரும். ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதிய ஆங்கிலம்–ஆங்கில அகராதியைப் பாருங்கள். 'டெல் சம்படி சம்திங்', 'சே சம்திங் டு சம்படி' என்று ஒவ்வொரு வினையின் அமைப்பையும் அது காட்டும். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. வினையை அந்த அமைப்போடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை.

படி 6: கேள்விக்குள் கேள்வி

'கேன் யூ டெல் மீ', 'டூ யூ நோ' என்று பணிவாகத் தொடங்கினால், உள்ளே வரும் கேள்வி சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பும்: 'டூ யூ நோ வேர் ஷீ லிவ்ஸ்?'. அங்கே டஸ் வராது. 'கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி ஸ்டேஷன்?' என்பதைவிட '…வேர் தி ஸ்டேஷன் இஸ்?' என்பதே சரியான வரிசை.

பின்னர் சேர்த்தது

படிகளையெல்லாம் சரியாகச் செய்தும் கேள்வி பிசகுகிறது என்றால், கேள்விச்சொல்லைப் பாருங்கள். 'இதை எப்படி அழைப்பீர்கள்?' என்று தமிழில் நினைத்து 'ஹவ் டூ யூ கால் திஸ்?' என்கிறோம். கால் என்ற வினை வாட் கேட்கும்: 'வாட் டூ யூ கால் திஸ்?'. ஹவ்தான் வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள்: 'ஹவ் டூ யூ சே திஸ் இன் இங்கிலிஷ்?'. திங்க் என்ற வினையும் கருத்தைக் கேட்கும்போது வாட்டையே எடுக்கும்: 'வாட் டூ யூ திங்க்?'. 'ஹவ் இஸ் ஷீ?' என்றால் நலமா என்று விசாரிப்பது. அவர் எப்படிப்பட்டவர் என்று அறிய 'வாட் இஸ் ஷீ லைக்?' என்று கேளுங்கள்.