ஐ.பி.எஸ். வயிற்றோடு சென்னைக்கு: சாப்பாட்டுக் குறிப்புகள்

ஊருக்கு வந்த இடத்தில் வயிறு கெட்டால் எல்லாரும் காரத்தின் மேல்தான் பழியைப் போடுவார்கள். காரமும் எண்ணெயும் குடலைச் சீண்டும், உண்மைதான். ஆனால் ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) உள்ள பலருக்குச் சென்னையில் தொல்லை தருபவை காரமே இல்லாத நாலு பொருள்: வெங்காயம், பூண்டு, பருப்பு, பால். இவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் நீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகும். உப்புசம், வலி, அவசரமாக ஓடுவது எல்லாம் அதனால்தான். மெல்பன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, இந்தச் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபோட்மேப் உணவுமுறைக்கு அடிப்படை இதுவே. அதன் கண்டிப்பான முதல் கட்டம் 2 முதல் 6 வாரம் நீளும். கல்யாண வீடும் விருந்துமாக அலையும்போது அதைத் தொடங்காதீர்கள். உணவியல் நிபுணர் துணையோடு முன்கூட்டியே செய்து, எது தனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு விமானம் ஏறுவது நல்லது.

சொந்தக்காரர் வீட்டில் ஃபோட்மேப் என்று விளக்கப் புகுந்தால் விடியாது. "அத்தை, எனக்கு மட்டும் அமாவாசைச் சமையல் மாதிரி வெங்காயம் பூண்டு இல்லாம வச்சிடுங்க" என்றால் பல வீடுகளில் உடனே புரியும். ஹோட்டலில் "ஜெயின்" என்று கேளுங்கள், வெங்காயம் பூண்டு சேர்க்காமல் தருவார்கள். வடஇந்தியர்கள் நிறைய வாழும் சௌகார்பேட்டைப் பக்கம் இது சுலபம். ஒரு எச்சரிக்கை: அமாவாசைச் சமையலில் வெங்காயம் இருக்காதே தவிர, பருப்பு தாராளமாக இருக்கும்.

சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதில் பயனில்லை. வெங்காயம், பூண்டில் உள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும். கொதிக்கும்போதே குழம்பில் இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. ஆகவே பூண்டு வாசம் வேண்டுமென்றால், முழுப் பல்லை நல்லெண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கச் சொல்லலாம். பெருங்காயமும் கைகொடுக்கும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஐ.பி.எஸ்.ஸுக்கு ஒரு சிட்டிகை பொருட்டல்ல. கோதுமையின் குளூட்டன் ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் டப்பாவைப் படித்து வாங்க வேண்டும்.

ரசம் வயிற்றுக்கு நல்லது என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பல வீடுகளில் துவரம்பருப்பு வேகவைத்த தண்ணீரில்தான் ரசம் வைப்பார்கள். பருப்பின் வாயுச் சர்க்கரை கணிசமாக அந்தத் தண்ணீரில் இருக்கும், கூடவே நசுக்கிய பூண்டும். பருப்புத் தண்ணீர் விடாத மிளகு சீரக ரசமாகக் கேளுங்கள். பருப்பு சாப்பிட்டே ஆக வேண்டுமானால் பாசிப்பருப்பு நல்லது: ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, ஒரு சின்னக் கரண்டி. வடிக்காமல் குக்கரில் வைத்தால் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும்.

காலை டிபனுக்கு இட்லி, சாதா தோசை, இடியாப்பம், அரிசிச் சேவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ரவா தோசை, பூரி, பரோட்டா எல்லாம் கோதுமை, அதிலும் ஃபிரக்டான் உண்டு. மசால் தோசையின் மசாலில் பாதி வெங்காயம். பொங்கலில் நெய் மிதக்கும், வடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை அரைப்பதால் ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள். மதியம் பாதுகாப்பு என்று நம்பித் தயிர்சாதம் வாங்குவோரும் உண்டு. புளிக்காமல் இருக்கப் பாலையும் ஊற்றிப் பிசைவது வழக்கம் என்பதால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஆகாதவர்களுக்கு அது பொறிதான். வீட்டில் நன்றாகத் தோய்ந்து புளித்த தயிரே மேல்.

ஃபில்டர் காபிதான் பலருக்கும் விட மனம் வராத இடம். காபியே குடலை முடுக்கும், பாலில் லாக்டோஸ். இந்த இரண்டும் தெரிந்ததே. மூன்றாவதான சிக்கரியைக் கவனிப்பவர் குறைவு. சிக்கரி வேரில் இருக்கும் இனுலினும் ஒரு ஃபிரக்டான்தான். காபியும் சிக்கரியும் 60:40, 70:30, 80:20 என்று கலந்து விற்பார்கள். அரைத்துக் கொடுக்கும் கடையில் "சிக்கரி வேண்டாம், பியூர் பீபெரி" என்று கேட்டு வாங்கி, லாக்டோஸ் நீக்கிய பாலில் கலந்து, ஒரு டம்ளரோடு முடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாம்பழம் கூப்பிடும். இரண்டு மூன்று துண்டு போதும். நன்கு கனிந்த வாழைப்பழத்தைவிடச் சற்றுக் காயான பழம் வயிற்றுக்கு இலகு. பப்பாளி நல்லது. இளநீர் அரை டம்ளர் சரி, முழுக் காயையும் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும். தர்ப்பூசணி வேண்டாம்.

மலச்சிக்கல் உள்ளவர்கள் இசப்கோலைப் பாதி ஸ்பூனில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைக்கும்.

கழிச்சல் எல்லாமே ஐ.பி.எஸ். ஆகிவிடாது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது கழிச்சலை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை போட்டு அடக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவா என்று உறையில் பாருங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பெரியதை ஒரே டம்ளரில் கரைத்துக் குடித்தால் கழிச்சல் கூடும்.