ரசீதை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் விசாவுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ வேலை. மனைவி, பிள்ளைகள் ஊரில். அவர்கள் விசா எப்போது வரும் என்று தெரியாது, உங்கள் விசா புதுப்பித்தலும் எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது. இப்படி இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேலை விசா வாங்குவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், கம்பெனியே பார்த்துக்கொள்ளும். காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அது தெரியாமல் என் நெருங்கிய நண்பர் குடும்பம் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் வேலை விசாவில் இருந்தால், மனைவிக்குக் கிடைப்பது உடன் வந்து தங்குவதற்கான விசா. அதில் வேலை செய்ய முடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பு விசா வேண்டும். திருமணச் சான்றிதழ், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். போலீஸ் சான்றிதழும் மருத்துவ அறிக்கையும் கொடுக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அதனால் மற்ற காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு இவற்றைக் கடைசியாக எடுங்கள். முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு போடும் முத்திரை, வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதையே விரித்து அப்பா பெயராகப் போட்டிருப்பார்கள், திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். நம் ஊர் அலுவலகத்தில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். இங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு அது மூன்று வேறு வேறு பெண்கள். ஊரிலேயே நோட்டரியிடம், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

திருமணப் பதிவையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். ஆனாலும் கோயில் ரசீதும் ஆல்பமும் போதும் என்று விட்டுவிட்டவர்கள் இன்னும் வருகிறார்கள். இந்த மண்ணில் நம் கல்யாணங்களுக்கு நடந்த கதை தெரிந்தால் அப்படி விடமாட்டார்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவரிடம் வந்து சேர இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பெண்ணை உள்ளே விடாத வழக்கு அது. இந்திய மத முறைப்படி நடந்த அந்தத் திருமணத்தை இங்கே சட்டம் ஏற்காது என்றார். ஒரே நாளில் நம் பெண்கள் எல்லோருடைய தாலிக்கும் இங்கே மதிப்பில்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். குடும்பத்தைப் பிரிந்து இங்கே மனசு உடைந்துபோகும் நாளில் ஒருமுறை போய்வாருங்கள். மனைவியைக் கணவனோடு இருக்கவிடு என்று இந்த ஊரில் முதலில் கேட்டவர்கள் நாம் இல்லை என்பது அங்கே நின்றால் புரியும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பர் கும்பகோணம் பக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் மிட்ராண்டில் சாஃப்ட்வேர் வேலை. விசா முடியும் முன்பே முறையாகப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார், ரசீதும் கையில். பழைய விசா முடிந்தது, புதியது வரவில்லை. அது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2024-ல் பொறுப்பேற்ற உள்துறை அமைச்சர் லியோன் ஷ்ரைபர், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததாக அவரே அறிவித்தார். தேக்கத்தின் காரணமாக உள்துறை அவ்வப்போது சுற்றறிக்கை விட்டு, முடிவுக்குக் காத்திருப்பவர்கள் இன்ன தேதி வரை சட்டப்படி இங்கே இருக்கலாம் என்று நீட்டித்துக்கொண்டு வந்தது. நண்பரும் அப்படித்தான் இருந்தார். மனைவியின் விண்ணப்பம் இந்தியாவில் கொடுத்தாகிவிட்டது, அதுவும் காத்திருப்பில்.

அப்போது ஒரு ராத்திரி ஊரிலிருந்து போன். அப்பா போய்விட்டார். இவர்தான் மூத்த மகன்.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். "ரசீது இருக்குல்ல சார், சர்குலர் காப்பியும் வச்சுக்குங்க, தாராளமா போய்ட்டு வரலாம்" என்றார் அவர். அதே ஆபீசில் ஒரு பிரிட்டிஷ்காரர் அதே மாதிரி ரசீதோடு லண்டன் போய்விட்டுத் திரும்பியிருந்தார். இவருக்கு அது போதுமான அத்தாட்சி. போகும்போது ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ரசீதையும் சுற்றறிக்கையையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அந்த முத்திரைதான் அவரை நம்ப வைத்தது.

காரியம் முடிந்து சென்னை விமான நிலையம். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "செல்லுபடியாகுற விசா எந்தப் பக்கத்துல சார் இருக்கு?" ரசீதைக் காட்டினார். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் கணினியில் பார்த்தார், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது செல்லாது என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் கட்டிய பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கு ஒரே சந்தோஷம். அப்பா லீவை நீட்டிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

எங்கே தவறியது என்று கேட்டால், சுற்றறிக்கையின் கீழே இருந்த ஒரு வரியில். ரசீதோடு வெளியே போனால் உங்களை விரும்பத்தகாதவர் பட்டியலில், அதாவது சில காலம் நாட்டுக்குள் வரத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில், சேர்க்கமாட்டோம் என்பது எல்லோருக்கும் பொது. திரும்பி வருவது அப்படி அல்ல. விசா இல்லாமலே இந்த நாட்டுக்குள் வரக்கூடிய பிரிட்டன் போன்ற நாட்டவர்கள் அதே ரசீதோடு வந்துவிடலாம். இந்தியா போல விசா தேவைப்படும் நாட்டவர்கள் உள்ளே வருவதற்கென்று தனியாக ஒரு நுழைவு விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த ஏஜென்ட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்தியர்களிடம் காசு வாங்கித் தொழில் செய்பவர், இந்தியர்களுக்கான வரியைப் படிக்காமல் பதில் சொன்னார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதோடு முடியவில்லை. உடன் வரும் மனைவியின் விசா கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கணவரின் செல்லுபடியாகும் விசா நகலைக் கேட்டார்கள். அது பிரிட்டோரியாவில் கிடப்பில். கணவர் கும்பகோணத்தில், நுழைவு விசாவுக்கு வரிசையில். ஒரு கோப்பு நகர்ந்தால்தான் அடுத்தது நகரும் என்ற நிலை. கம்பெனி சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது, மிட்ராண்ட் வீட்டு வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. மாதங்கள் கழித்துத்தான் திரும்பினார், அதுவும் தனியாக.

அதனால் சொல்கிறேன். புதுப்பிக்க வேண்டிய விசா இருந்தால், முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. 60 நாள் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், முடிந்தவரை முன்கூட்டியே கொடுங்கள். ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் பழைய விசா உயிரோடு இருக்கும்போதே போய், அது முடியும் முன்பே திரும்பிவிடுங்கள். தீபாவளிக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பழைய விசா முடிந்துவிட்டது, ரசீது மட்டும்தான் என்றால், டிக்கெட் எடுக்கும் முன் நுழைவு விசாவுக்கு என்ன காகிதம், எவ்வளவு நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் போனில் சொன்னது எழுத்து ஆகாது. கம்பெனியிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பத் தாமதமானால் இந்தியாவிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டா என்பதையும் முன்பே பேசிவையுங்கள். சுற்றறிக்கை இப்போது நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை, உங்கள் வகை விசா அதில் வருகிறதா என்று உள்துறையின் தளத்திலேயே நீங்களே படியுங்கள். சுற்றறிக்கை இல்லாத காலத்தில் விசா முடிந்து தங்கியிருந்தால் கதையே வேறு. 30 நாளுக்குள் என்றால் 12 மாதம், 30 நாளைத் தாண்டினால் 5 வருடம் இந்த நாட்டுப் பக்கம் வர முடியாது. விமான நிலையத்தில் உங்களை விரும்பத்தகாதவர் என்று அறிவிக்கும் தாளைக் கொடுத்துவிட்டால் 10 வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மொரீஷியஸ் பக்கம்தானே, இந்தியர்களுக்கு அங்கே விசா சுலபம், குடும்பத்தை அங்கே வரச்சொல்லி ஒரு வாரம் சேர்ந்து இருக்கலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் இங்கிருந்து வெளியே போகிறீர்கள், அதனால் இதே விதி அங்கேயும் பொருந்தும். மனைவியைச் சுற்றுலா விசாவில் அழைத்து வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள். பார்வையாளர் விசாவை உள்ளே இருந்தபடி மாற்றுவதற்குச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. அவற்றில் நீங்கள் வருகிறீர்களா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எழுதவே கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் வயதான அப்பா அம்மா இருந்தால், விசா காத்திருப்பில் இருக்கும்போது ஏதாவது ஆனால் யார் கொள்ளி வைப்பது, நீங்கள் வருவதா வேண்டாமா என்று தம்பியோடோ அக்காவோடோ இப்போதே பேசிவிடுங்கள். நல்ல நாளில் இதையா பேசுவது என்று திட்டுவார்கள். திட்டட்டும். அந்த ராத்திரியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு, குடும்பத்தை இன்னும் எத்தனை மாதம் பிரித்து வைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நியாயமான காலத்தைத் தாண்டியும் பதில் இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவெடுக்காமல் இருப்பதையே எதிர்த்து நீதிமன்றம் போகலாம். வழக்கமாக நீதிமன்றம் விசாவைத் தூக்கிக் கொடுக்காது, இத்தனை நாளுக்குள் முடிவு சொல் என்று உத்தரவு போடும். முதல் படி வக்கீல் நோட்டீஸ், பல கோப்புகள் அதிலேயே நகர்ந்துவிடுகின்றன. செலவு பிடிக்கும்தான். ஆனால் இரண்டு வீட்டு வாடகையோடும் பிள்ளையின் ஒரு வருடத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் பேச்சுக்கு ஒரு நேரம் வையுங்கள். ஊர் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கினால் இங்கே ஐந்தரை, நீங்கள் நெடுஞ்சாலையில் நெரிசலில் இருப்பீர்கள். காலையில் பேசலாம் என்றால், அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் இங்கே இன்னும் விடியாது. அதனால் மதியச் சாப்பாட்டு வேளையை அவளுக்குக் கொடுங்கள், அது அவள் வீடு திரும்பி உட்காரும் நேரம். "ரெண்டு வாரத்துல வந்துடும்" என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே வீட்டில் சொல்லாதீர்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளை காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடும்.

வார இறுதியில் அறையிலேயே கிடக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தால் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவுக்கோ மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கோ போங்கள். டர்பனில் இருந்தால் கேட்கவே வேண்டாம், புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே மறந்துவிடும். 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் வழி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பலருக்குத் தமிழில் பேச வராது, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தேவாரம் பாடுவார்கள். ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். குடும்பம் வந்து சேர்ந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நல்ல வக்கீல் யார், வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி எது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளி என்றதும் இன்னொன்று. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம் ஊரில் ஜூனில். விசா வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஏப்ரல் தேர்வு முடிந்த கையோடு டி.சி. வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் விசாவும் வராமல் பள்ளியும் இல்லாமல் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. படிப்பு விசாவுக்கு இந்த ஊர்ப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம்தான் வேண்டும், டி.சி.யை விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ஊர்ப் பள்ளியில் அடுத்த வகுப்புக்கான பணத்தைக் கட்டிவிடுங்கள்.