'எல்லாம் இலவசம்தான், போய்ப் படி' என்று சொல்லிவிட்டு நகர்பவர்களுக்கு

தம்பி தங்கைக்கோ, தெருப் பிள்ளைகளுக்கோ, தான் படித்த பள்ளிக்கோ கோடிங் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பாதிப் பேருக்கு அது 'இலவசமாக ப்ரோகிராமிங் கற்க 50 தளங்கள்' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியல்தான் முதல் தவறு. தனக்கு எது ஏற்றது என்று தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை உங்களிடம் ஏன் கேட்கிறது? அலசிப் பார்த்து ஒன்றே ஒன்றைக் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

கொடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடமான சிஎஸ்50 அருமையானது, காசும் இல்லை. ஆனால் ஸ்க்ராட்ச் கட்டங்களை இழுத்துப் போட்டு விளையாடும் முதல் வாரம் முடிந்ததும் நேரே சி மொழிக்குத் தாவும். பாயிண்டர், மெமரி என்ற கடினமான பகுதிகளையெல்லாம் கடந்து, எளிய மொழியான பைத்தானுக்கு வருவதற்குள் பாடத்தில் பாதிக்கு மேல் ஓடிவிடும். கல்லூரி மாணவர் தாக்குப்பிடிப்பார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை 'நமக்கு இதெல்லாம் வராது' என்று முடிவு கட்டிவிடும். வெப்சைட் செய்து பார்க்க வேண்டும் என்கிறவருக்கு ஃப்ரீகோட்கேம்ப் தளம் பொருந்தும். பிரவுசரிலேயே கோடு அடித்து அங்கேயே சரிபார்க்கலாம், சான்றிதழுக்கும் கட்டணம் கிடையாது.

'முதல்ல இங்கிலீஷ் கத்துக்கோ, அப்புறம் கோடிங்' என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத அறிவுரை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான் இருக்கின்றன. தமிழ்வழிப் புத்தகங்களை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் பல தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்து பார்ப்பதற்கென்றே அமைத்தவை. கணியம் தளத்தில் கணினி பற்றிய தமிழ் மின்னூல்கள் இருக்கின்றன. கோடில் வரும் ஆங்கிலம் சில டஜன் சொற்கள்தான், அடிக்க அடிக்கப் பழகிவிடும்.

வீட்டில் லேப்டாப் இருக்கிறதா என்று கேட்காமலே பாடத்தை அனுப்புவதும் நடக்கிறது. போன் மட்டும் இருந்தால் கூகுள் கோலாப் போதும், பிரவுசரிலேயே பைத்தான் ஓடும். போனில் யூஎஸ்பி சொருக உதவும் ஓடிஜி கனெக்டர் வாங்கிப் பழைய கீபோர்டைச் சொருகிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பைத்தானில் சில வரிகளை உள்ளே தள்ளி எழுத வேண்டும்; தொடுதிரையில் அதற்காக நான்கு ஸ்பேஸ் விட்டு விட்டு அடிப்பது பெரிய ரோதனை. லேப்டாப் இருந்தால் இன்ஸ்டால் செய்யும் அன்று கூட இருங்கள். விண்டோஸில் பைத்தான் போடும்போது 'பாத்' என்று முடியும் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால், பிறகு கமாண்ட் விண்டோவில் பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வந்து நிற்கும். அதோடு லேப்டாப்பை மூடி வைத்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் நடப்பது: பிழை வந்ததும் கீபோர்டை வாங்கி நாமே திருத்திவிடுவது. பைத்தானில் இரண்டு மதிப்பெண்களை இன்புட்டாக வாங்கிக் கூட்டும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 10, 20 என்று கொடுத்தால் திரையில் 1020 என்று வரும். எரர் எதுவும் காட்டாது. 'இன்ட் போடு' (அதாவது, வாங்கியதை எண்ணாக மாற்று) என்றால் இரண்டு நொடியில் முடிந்தது, ஆனால் மறுநாள் வயதைக் கேட்கும் புரோகிராமிலும் கற்பவர் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பதில், 'பத்தும் இருபதும் சேர்ந்து 1020 ஆகுதுன்னா, கம்ப்யூட்டர் அதை என்னன்னு நினைச்சிருக்கும்?' என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்குகிறது, எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஒட்டி வைக்கிறது என்பது பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும். சிவப்பில் எரர் வந்தால் கீழிருந்து மேலே படிக்கப் பழக்குங்கள்: என்ன பிழை என்பது கடைசி வரியில், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. எரரை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டுவதும் நீங்கள் கீபோர்டை வாங்குவதும் ஒன்றுதான். ஒருமுறை தானே படித்துப் பார்த்த பிறகு கேட்டால் பரவாயில்லை.

சான்றிதழ் ஆசை காட்டிச் சேர்ப்பவர்கள் விவரத்தை முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஐஐடி பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் பாடத்தில் சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். 'மூணு மாசத்துல ஐடி வேலை' என்ற பேச்சை யூடியூப் விளம்பரக்காரர்களிடமே விட்டுவிடலாம்.

வாரம் ஒருமுறை விசாரிக்கும்போது 'எத்தனை வீடியோ முடிச்சே?' என்று கேட்காதீர்கள். எழுதியதை ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒரு சின்ன மாற்றம் கேளுங்கள். மதிப்பெண் புரோகிராம் என்றால், 35-க்குக் கீழே இருந்தால் ஃபெயில் என்று வரவை என்று சொல்லலாம். வீடியோவை வெறுமனே பார்த்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். திட்ட வேண்டாம், நாலைந்து பாடம் பின்னால் போய் அங்கிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.