கிரெம்லின், பேசர், வேகா: பழைய அமெரிக்கச் சிறு கார் வாங்குகிறவர்கள் தவறாமல் செய்யும் தவறுகள்

எழுபதுகளின் அமெரிக்கச் சிறு கார் ஒன்றை வாங்கப் போகிறவர் முதல் வேலையாக பானெட்டைத் திறப்பார். இன்ஜின் ஓடுகிறதா, புகை என்ன நிறம், எத்தனை குதிரைத்திறன் என்று அரைமணி நேரம் அங்கேயே நிற்பார். அதே காரில் கிரில் பாதி உடைந்திருக்கும், பின்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பொடிப்பொடியாக உதிரும், டாஷ்போர்டு பிளாஸ்டிக்கில் விரல் நுழைகிற அளவு விரிசல் ஓடும். அது எதுவும் கண்ணில் படாது. பட்டாலும் "சின்ன விஷயம், அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம்" என்பார். இந்த "அப்புறம்"தான் பல கார்களைப் பத்து வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கப் போட்டிருக்கிறது. நானும் மாட்டினவன்தான். என் 1974 கிரெம்லினின் இன்ஜின் வேலை மூன்று வார இறுதிகளில் முடிந்துவிட்டது, உடையாத ஒரு கிரில் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது.

காரணம் இதுதான். அமெரிக்கன் மோட்டார்ஸ், சுருக்கமாக ஏஎம்சி, என்ற நிறுவனம் 1970 ஏப்ரல் 1 அன்று கிரெம்லினை வெளியிட்டபோது, தன்னிடம் இருந்த ஹார்னெட் காரின் பின்பக்கத்தை நறுக்கி, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஆறு சிலிண்டர் இன்ஜினையே போட்டுத்தான் விற்றது. அந்த இன்ஜின் குடும்பம் கிரெம்லினோடு சாகவில்லை. 258 கன அங்குல இன்ஜின் 1990 வரை ஜீப்பில் போனது, அதிலிருந்து வந்த 4 லிட்டர் இன்ஜின் 2006 வரை ஜீப்பை ஓட்டியது. அதனால் கேஸ்கெட், வாட்டர் பம்ப், பேரிங் எல்லாம் இன்றைக்கும் சாதாரண ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும். கிரில்லும் பின்விளக்குக் கண்ணாடியும் கதவுக் கைப்பிடி மூடியும் வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது. ஏஎம்சியை 1987இல் கிறைஸ்லர் வாங்கிவிட்டது, கிரெம்லின் 1978இலும் அதே நிறுவனத்தின் பேசர் 1980இலும் நின்றுபோயின. ஃபோர்டு மஸ்டாங் மாதிரி லட்சக்கணக்கான பேர் துரத்துகிற கார் என்றால் புதிதாக அச்சு போட்டு விற்க ஆள் இருக்கும். இதற்கு யார் போடுவார்?

ஆகவே ஓடாத இன்ஜினும் முழுசான உடம்பும் கொண்ட கார், நன்றாக ஓடுகிற ஓட்டை உடைசலைவிட எப்போதும் மலிவு. கேட்கிற விலை இரட்டிப்பாக இருந்தாலும் சரி.

அடுத்தது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் நடக்கும் கூத்து. "ஏஎம்சி கிரெம்லின்" என்று சொன்னால் கம்ப்யூட்டர் திருதிருவென்று விழிக்கும், கடைக்காரரும் விழிப்பார், நம்மாள் "ஒண்ணுமே கிடைக்காது போல" என்று திரும்பிவிடுவார். ஏஎம்சி சின்ன நிறுவனம், எல்லாவற்றையும் தானே செய்ய வசதி கிடையாது. ஸ்டியரிங் காலத்தை ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கினார்கள், 1972இலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கிறைஸ்லரிடம் வாங்கினார்கள், இன்ஜினுக்குத்தான் மேலே சொன்ன ஜீப் இருக்கிறது. எந்தப் பாகம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு அந்தப் பெயரில் கேட்டால் கிடைக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. கியர்பாக்ஸ் கிறைஸ்லருடையதுதானே என்று அதே நிறுவனத்தின் பழைய டாட்ஜ் டார்ட் காரிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார்கள். உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் ஒன்றுதான், ஆனால் வெளிக்கூட்டை ஏஎம்சி இன்ஜினின் போல்ட் துளைகளுக்கு ஏற்பத் தனியாக வார்த்திருக்கிறார்கள். இன்ஜினோடு உட்காரவே உட்காராது. அந்தத் துளை அமைப்பும் 1972 வாக்கில் மாறியது, ஆக 1971 கிரெம்லினும் 1973 கிரெம்லினும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் கியர்பாக்ஸ் விஷயத்தில் உறவு கிடையாது. பழைய கியர்பாக்ஸைத் தூக்கிப் போடாமல் அதன் கூட்டுக்குள்ளேயே புதுச் சாமானைப் போடச் சொல்லுங்கள்.

வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் உள்ள கார், வாங்குகிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். விற்கிறவர் "401 இன்ஜின்" என்று சத்தியம் செய்வார். ஏஎம்சி வி8கள் வெளியே பார்க்க எல்லாம் ஒரே ஜாடை, 304ஐ 401 என்று விற்க ஒரு ஸ்டிக்கர் போதும். பிளாக்கின் பக்கவாட்டில் எத்தனை கன அங்குலம் என்று வார்ப்பிலேயே இருக்கும், டார்ச் அடித்து அழுக்கைத் துடைத்துப் படியுங்கள். அப்புறம் காரின் வின் எண்ணில் (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) ஏழாவது எழுத்து, தொழிற்சாலையில் எந்த இன்ஜின் போட்டார்கள் என்பதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்கக் கூடாது என்றில்லை, விலை பேச வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்று ஆயில் பம்ப். இந்த இன்ஜின்களில் முன்பக்க அலுமினிய டைமிங் கவரிலேயே பம்ப் இருக்கிறது. இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும்போது பம்பின் பல்சக்கரங்களைச் சும்மா ஆயிலில் தோய்த்துப் போட்டு மூடினால் அது ஆயிலை இழுக்காது, புது பேரிங்கெல்லாம் வறண்டு ஓடும். அந்தக் குழி முழுக்க பெட்ரோலியம் ஜெல்லி அடைக்க வேண்டும், நாம் உதட்டுக்குத் தடவுகிற அதே வாசலின்தான். கையால் நெருக்கி, காற்றுக்கு இடமில்லாமல் அடைத்து, மூடி போட்டு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கேஜில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் வைக்காதீர்கள், அது கரையாமல் ஆயில் வழியை அடைத்துக்கொள்ளும். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் சோம்பேறித்தனத்தில் விட்டு மொத்த இன்ஜினையும் இரண்டாவது தடவை பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

பேசர் ஒரு தனி ஜென்மம். காரின் மேற்பரப்பில் 37 சதவீதம் கண்ணாடி, மீன்தொட்டி என்று கிண்டல் செய்வார்கள். ஆக, பேசர் பார்க்கப் போனால் கண்ணாடியை எண்ணிவிட்டுத்தான் மற்றது. முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தாலும் விலையில் அடியுங்கள், வளைந்த பெரிய பக்கக் கண்ணாடியில் ஒன்று இல்லையென்றால் யோசியுங்கள். பயணி பக்கத்துக் கதவு ஓட்டுநர் பக்கத்தைவிட 4 அங்குலம் நீளம். பின்சீட்டுக்கு ஏற வசதியாக வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். இது தெரியாமல் ஒரு கதவை மட்டும் அளந்து ரப்பர் வாங்கினால் மறுபக்கத்துக்குப் பத்தாது. ஜெனரல் மோட்டார்ஸ் தருவதாக இருந்த வாங்கெல் ரோட்டரி என்ற சின்ன இன்ஜினை நம்பித்தான் காரையே வரைந்தார்கள், அது கைவிடப்பட்டதும் நீளமான ஆறு சிலிண்டரை உள்ளே தள்ளினார்கள். இன்ஜினின் பின்பகுதி கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். பிளக் மாற்றும்போது வாயில் என்ன வார்த்தை வரும் என்று இங்கே எழுத முடியாது.

சரி, அலங்காரம். 1973இலிருந்து கிரெம்லினில் லீவைஸ் பதிப்பு ஒன்று வந்தது, ஜீன்ஸ் பேன்ட் மாதிரியே நீலத் துணி, ஆரஞ்சுத் தையல், செம்புக் குமிழ்கள் வைத்த சீட். இப்போது இதைப் புதுப்பிக்கிறவர்கள் துணிக்கடைக்குப் போய் அசல் டெனிம் வாங்கிவந்து தைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் போட்டது டெனிமே கிடையாது. பருத்தி டெனிம் தீப்பாதுகாப்பு விதியைத் தாண்டவில்லை என்பதால் டெனிம் போலத் தோன்றும் நைலான் துணியைத்தான் போட்டார்கள். அசலாக இருக்க வேண்டுமென்று அசல் டெனிம் தைத்து, அதனாலேயே அசல் இல்லாமல் போன சீட்டை ஒரு கார் கண்காட்சியில் பார்த்தேன். சொந்தக்காரர் அவ்வளவு பெருமையாக நின்றார், சொல்ல மனசு வரவில்லை.

செவ்ரலே வேகா பக்கம் வருவோம். 20 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், இன்று பார்க்கவே அரிது, காரணம் துரு. பிரைமர் தொட்டியில் உடம்பை முக்கும்போது முன் ஃபெண்டரின் மேல்பக்கம் காற்றுக்குமிழ் நின்று அங்கே பிரைமர் ஒட்டவே இல்லை, ஆரம்ப வருஷங்களில் சக்கரத்துக்கு மேலே உள்தடுப்பும் கிடையாது. விற்கிறவர் பட்டி பூசி பெயிண்ட் அடித்து வைத்திருப்பார். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், ஃபெண்டரின் மேல்விளிம்பிலும் முன்கண்ணாடிக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. முன் ஃபெண்டரை மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடிக்குக் கீழே போயிருந்தால் டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்.

வேகாவின் 2.3 லிட்டர் இன்ஜினை எல்லாருக்கும் தெரிந்த லேத்தில் கொடுக்காதீர்கள். அலுமினிய பிளாக், உள்ளே இரும்பு லைனர் கிடையாது, அலுமினியத்தில் 17 சதவீதம் சிலிக்கான் கலந்து, அந்தச் சிலிக்கான் துகள்கள் மேலே தெரியும்படி சிலிண்டர் சுவரைப் பதப்படுத்தியிருப்பார்கள். இரும்பு பிளாக் என்று நினைத்து சிலிண்டர் சுவரைத் தேய்க்கிற வழக்கமான ஹோனிங் கல்லை ஓட்டினால் அந்தப் பரப்பு போயே போச்சு. இரும்பு ஸ்லீவ் போட்டுவிடுவதுதான் நிம்மதி என்பது என் கட்சி, ரேடியேட்டரையும் பெரிதாக மாற்றுங்கள்.

வேகாவிலேயே தனி இன்ஜின் போட்டு வந்த காஸ்வொர்த் வேகா என்றால் கதை வேறு. 1975, 1976 இரண்டே வருஷம், மொத்தம் 3,508 கார். இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, பெண்டிக்ஸ் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அந்த இன்ஜெக்ஷன் படுத்தும் பாட்டில் பலர் அதைக் கழற்றி கார்பரேட்டர் மாட்டினார்கள். மாட்டட்டும், கழற்றியதைத் தூக்கிப் போட்டதுதான் தப்பு. ஒவ்வொரு வயரும் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால் இன்னொரு சிக்கல்: 1975 வரையான மாடல்களுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது, 1976க்கு உண்டு. ஒரே கார், ஒரு வருஷ வித்தியாசம், ஒன்றைச் சோதனைக்கே கொண்டுபோக வேண்டாம், மற்றதில் ஒரு குழாயைக் கழற்றினாலும் பதிவு நின்றுபோகும்.

ஃபோர்டு பிண்டோ வாங்கினால் முதலில் காருக்கு அடியில் படுங்கள். பின்னாலிருந்து இடித்தால் டேங்க் தீப்பிடிக்கிறது என்ற விவகாரத்தில் 1978இல் 1971–76 பிண்டோக்களைத் திரும்ப அழைத்து, டேங்குக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார்கள், பெட்ரோல் ஊற்றும் குழாயையும் மாற்றினார்கள். ஸ்டேஷன் வேகன் அதில் சேராது. டேங்கை எப்போதோ கழற்றியவர் அந்தத் தடுப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். இது அழகுக்கு மாட்டிய சாமான் இல்லை, இல்லாத காரில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

ஆயில், பெட்ரோல் விஷயம் எல்லா மாடலுக்கும் பொது, சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்டும் லிஃப்டரும் உரசி ஓடும், இப்போதைய ஆயிலில் துத்தநாகம் குறைவு, பழைய கார்களுக்கென்றே விற்கிற ஆயிலை ஊற்றுங்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாயைத் தின்னும், வாங்கிய வாரமே எல்லாக் குழாயையும் மாற்றுங்கள்.

கடைசியாக, ஒரே மூச்சில் மொத்தக் காரையும் பிரிப்பது. உற்சாகத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாம் தரைக்கு வரும். ஆறு மாதம் கழித்து அந்த போல்ட் எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? மஸ்டாங்காக இருந்தால் இன்னொரு மஸ்டாங்கைப் பார்த்துக் கோர்க்கலாம், உங்கள் ஊரில் இன்னொரு பேசர் எங்கே இருக்கிறது? ஒரு மூலையைப் பிரியுங்கள், முடியுங்கள், அடுத்த மூலைக்குப் போங்கள்.

விற்பனை விளம்பரங்களில் "இன்ஜின் புதுசு, சில பாகங்கள் பெட்டியில்" என்று இருப்பவற்றில் பாதி இந்தச் சனிக்கிழமைக் கார்கள்தான். பார்க்கப் போனால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.