பூனை வயிற்றில் பூச்சி: கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் பூனை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காது. பகலெல்லாம் கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் தூங்கும், இருட்டினால் செம்பனைக்குள் எலி பிடிக்கக் கிளம்பிவிடும். செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. எலி தின்னும் பூனைக்கு வயிற்றில் பூச்சி வருவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு மாத்திரையோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம். அதனால்தான் பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. முதல் முறையாகப் பூனை வளர்ப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. என்ன புழு என்று பாருங்கள்

கண்ணில் சுலபமாகப் படுவது நாடாப்புழு. வாலுக்கு அடியில், பூனை படுத்து எழுந்த துணியில், அரிசி அளவில் வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். புதிதாக விழுந்தது மெல்லச் சுருங்கி நீளும். காய்ந்ததும் மஞ்சளாகி இறுகிவிடும். முழுப் புழு குடலுக்குள் இருக்கிறது, வெளியே வருவது அதன் துண்டுகள் மட்டுமே.

குட்டிகளுக்கு அதிகம் வருவது உருளைப்புழு. முதுகெலும்பு கையில் தட்டுப்படும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். சில நேரம் வாந்தியிலோ மலத்திலோ விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். வெளியே காலே வைக்காத குட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். மலேசியப் பூனைகளில் காணப்பட்ட ஓர் உருளைப்புழு தனி இனம் என்று 2001இல் விவரிக்கப்பட்டு, 'டாக்சோகாரா மலேசியென்சிஸ்' என்று நம் நாட்டின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

எனக்கு அதிகக் கவலை தருவது கொக்கிப்புழு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான், மலத்தில் பார்த்தால் தெரியாது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். இதற்கு ஈறைத்தான் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பூனையை மடியில் வைத்து, கட்டை விரலால் மேலுதட்டை லேசாகத் தூக்குங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும் பூனை என்றால் கீழ் இமையைச் சற்று இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மலம் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தாலோ, கடையில் மருந்து தேடிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும் சரி. சின்னக் குட்டி என்றால் ரத்தம் குறைந்தே செத்துப்போகலாம்.

எந்த அறிகுறியும் இல்லாமலும் புழு இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அன்று போன மலத்தில் கொஞ்சம் எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் கிளினிக்குக் கொண்டுபோங்கள். முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நிற்காத வயிற்றுப்போக்குக்குப் புழு அல்லாத ஜியார்டியா போன்ற கிருமிகளும் காரணமாக இருக்கலாம். வழக்கமான பூச்சி மாத்திரை அவற்றைத் தொடாது.

2. எடை பார்த்து மருந்து

பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை.

பைரண்டல் என்ற மருந்து உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கவனிக்கும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரைகள் உண்டு. டிரோண்டல் பூனை மாத்திரை 4 கிலோவுக்கு ஒன்று, 2 கிலோவுக்குப் பாதி. வேறு மாத்திரை என்றால் அதன் அட்டையில் உள்ள அளவுதான் கணக்கு. கழுத்தில் விடும் எல்லாச் சொட்டு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது, கேட்டு வாங்குங்கள். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைப் பூனைக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டாம். பூண்டு அரைத்து ஊட்டுவது அதைவிட மோசம். பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதைக் கொடுத்தால் பூனை தாங்காது.

3. விழுங்க வைப்பது

பூனையைத் துண்டில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விடுங்கள். மேலிருந்து கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கை மேலே நிமிர்த்தினால் தாடை தானாகத் தளரும். மாத்திரையை நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாகப் பின்னால் போட்டு, வாயை மூடி, தொண்டையைத் தடவிவிடுங்கள். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரை வாயோரமாக விடுங்கள், மாத்திரை தொண்டையில் ஒட்டக்கூடாது. வேகவைத்த கெம்போங் மீனில் மறைத்தும் பார்க்கலாம், ஆனால் முழுதும் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

அடுத்த ஓரிரு நாள் மலத்தில் உருளைப்புழு வெளியேறினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். நாடாப்புழு உள்ளேயே செரித்துவிடும், கண்ணில் படாது.

4. திரும்பக் கொடுப்பது

குடலில் இருக்கும் புழுதான் சாகும். உடம்பின் மற்ற இடங்களில் இருக்கும் இளம்புழு பிறகு குடலுக்கு வந்து வளரும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்து (ஆறு வாரம் வரை மருத்துவரைக் கேட்டே) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை; பால் மறந்து இரண்டு வாரம் ஆனதும் ஆறு மாத வயது வரை மாதம் ஒருமுறை. பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். எலி பிடிக்கும் பூனைக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் நான்கு பூனை இருந்தால் நான்குக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

5. தெள்ளுப்பூச்சியும் மண்ணும்

எலியைத் தவிர, தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதாலும் நாடாப்புழு வரும். ரோமத்துக்குள் இருக்கும் கறுப்புத் தூளை ஈர டிஷ்யூவில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். பூனைக்கான தெள்ளு மருந்தே வாங்குங்கள். நாய்க்கான மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

மலத் தட்டைத் தினமும் அள்ளுங்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், கொக்கிப்புழு அதைவிட வேகம். ஈர மண்ணில் உருளைப்புழு முட்டை மாதக்கணக்கில் தாங்கும், பிளீச் ஊற்றினாலும் சாகாது. காலித் தட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் தோல் வழியாக நுழைந்து அரிக்கும், உருளைப்புழுவுடையது பிள்ளைகளின் கண் வரை போகக்கூடும். கறிவேப்பிலைச் செடியடியில் பூனை தோண்டும் பழக்கம் இருந்தால் அங்கே கம்பி வலை போடுங்கள். மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டுவிடுங்கள், சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.