வீட்டு விலையைப் பார்த்து ஊர் தேடாதீர்கள்: வட ஒன்டாரியோவுக்குக் குடிபோக நினைப்பவர்களுக்கு

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்ட்டுக்குக் கொடுக்கும் வாடகையில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வடக்கே முழு வீட்டுக்கே தவணை கட்டிவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அன்றைக்கு ராத்திரியே வீட்டு விளம்பரங்களைப் பார்க்க உட்கார்ந்திருப்பீர்கள். விலை குறைவு என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த வீடு ஏன் அந்த விலைக்கு வருகிறது என்று முதலில் கேளுங்கள். பல ஊர்களில் அதற்குப் பதில், அங்கே இருந்த ஆலை மூடிவிட்டது என்பதுதான். நான் வட ஒன்டாரியோவின் சட்பரியில் இருக்கிறேன், வருகிறவர்களையும் பார்க்கிறேன், இரண்டே குளிர்காலத்தில் பெட்டியைக் கட்டித் திரும்பிப் போகிறவர்களையும் பார்க்கிறேன். திரும்பிப் போகிறவர்களில் பலர் ஊரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை, வீட்டை மட்டும்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வரைபடத்தை எடுத்து முதலில் தூரத்தைப் பாருங்கள். டொராண்டோவிலிருந்து நார்த் பே சுமார் 350 கி.மீ., சட்பரி 400. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம், டொராண்டோவில் இருக்கும் அம்மா அப்பாவை வாரக்கடைசியில் பார்த்துவிட்டும் வரலாம். டிம்மின்ஸும் சூ செயின்ட் மேரியும் 700 கி.மீ. பக்கம், ஒரு முழு நாள் போய்விடும். தண்டர் பே 1,400 கி.மீ.; நடுவில் ஒரு ராத்திரி தங்கித்தான் ஓட்ட வேண்டும், அங்கிருந்து வின்னிபெக் இதில் பாதித் தூரம்தான். வயதான பெற்றோர் டொராண்டோவில் இருந்தால் தண்டர் பே வேண்டாம் என்பேன், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும்.

அடுத்தது வேலை. உங்களுக்குக் கையில் ஒரு வேலை இருப்பது போதாது. அந்த வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைக்குமா? உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ கிடைக்குமா? ஊர் எத்தனை காலில் நிற்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். எலியட் லேக் யுரேனியச் சுரங்கத்துக்காகவே உருவான ஊர், 1996இல் கடைசிச் சுரங்கமும் மூடிய பிறகு ஓய்வு பெற்றவர்கள் வந்து தங்கும் ஊராகத் தன்னை மாற்றிக்கொண்டது. ஓய்வு பெற்றவருக்கு அது அருமையான இடம், முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு வேலை தேடுகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இராக்வாய் ஃபால்ஸில் காகித ஆலை 2014இல் மூடியது. சட்பரிக்கு மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் எஸ்பனோலாவில் 2023இல் ஆலை நின்றது. இந்த மாதிரி ஊர்களில் வீடு மலிவாகக் கிடைக்கும், விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைக்காது.

சட்பரிக்கு நிக்கல் சுரங்கங்கள் தவிர வட்டாரத்துக்கே பொதுவான பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம், கல்லூரிகள், மத்திய வரி அலுவலகம் என்று பல கால்கள் உண்டு. அப்படியும் 2021இல் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் திவால் பாதுகாப்புக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். சூ செயின்ட் மேரியின் உருக்காலை அமெரிக்கச் சந்தையை நம்பியது. 2025இல் அமெரிக்கா உருக்குக்கு 50 சதவீத வரி போட்டது, அங்கே போகிறவர் அந்தச் செய்தியை விடாமல் படிக்க வேண்டும். கல்லூரி வேலைகளையும் இப்போது கொஞ்சம் யோசித்தே எடுங்கள். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தில்தான் வடக்குக் கல்லூரிகள் பல வளர்ந்தன, 2024இல் மத்திய அரசு மாணவர் அனுமதிக்கு வரம்பு வைத்ததும் அந்த வருமானம் குறைந்துவிட்டது. நர்ஸ், முதியோர் பராமரிப்பு, கனரக மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர் இவர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் இடம் இருக்கும். சரி, நீங்கள் இதில் எதுவும் இல்லையென்றால்? அரசின் ஜாப் பேங்க் வேலைத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு உங்கள் தொழிலையும் துணையின் தொழிலையும் சில மாதம் தொடர்ந்து தேடிப் பாருங்கள். ஒரே முதலாளியின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நிரந்தர வதிவிட உரிமைக்காகப் (PR) போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2019இல் தொடங்கிய பழைய கிராமப்புற, வடபகுதிக் குடியேற்றத் திட்டம் 2024 ஆகஸ்ட்டோடு முடிந்துவிட்டது. 2025இல் வந்த கிராமப்புறச் சமூகக் குடியேற்றத் திட்டத்தில் நார்த் பே, சட்பரி, டிம்மின்ஸ், சூ செயின்ட் மேரி, தண்டர் பே ஐந்தும் இருக்கின்றன. இதில் அந்த ஊர் அங்கீகரித்த முதலாளியிடமிருந்து வேலைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், முதலாளியே கேட்டாலும் சரி, நடுவில் நிற்கும் ஏஜென்ட் கேட்டாலும் சரி. வேலையை விலைக்கு விற்பது சட்டவிரோதம், பணத்தோடு உங்கள் விண்ணப்பமும் சேர்ந்து போகும். ஒவ்வொரு ஊருக்கும் தொழில் வாரியாக முன்னுரிமை உண்டு, அது மாறவும் செய்யும். அதனால் அந்தந்த ஊரின் அதிகாரபூர்வப் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

மருத்துவம்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்லும் விஷயம். வடக்கில் குடும்ப மருத்துவர் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவரும் ஓய்வு பெற்றுவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சூ செயின்ட் மேரியில் 2024இல் ஒரே வீச்சில் 10,000 பேர் வரை குடும்ப மருத்துவர் இல்லாமல் போனார்கள். அதனால் ஊரை முடிவு செய்வதற்கு முன்பே அங்குள்ள கிளினிக்குகளுக்கு ஃபோன் செய்து, புது நோயாளிகளைச் சேர்க்கிறார்களா, நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்பயிற்சி பெற்று நோயாளிகளைத் தாமே பார்க்கும் நர்ஸ்) கிளினிக் இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப மருத்துவர் இல்லாதவர்களுக்கு மருத்துவரைத் தேடித் தரும் மாகாண அரசின் ஹெல்த் கேர் கனெக்டில் புது முகவரியோடு பதிவு செய்வதைப் போன முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, பிரசவம், குழந்தைக்குச் சிறப்பு மருத்துவர் என்று தேவை இருந்தால், அது எந்த ஊரில் கிடைக்கும், அந்த ஊருக்குப் பனிக்காலத்தில் எத்தனை மணி நேரம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்பரியும் தண்டர் பேயும்தான் இதில் பெரிய மையங்கள். 100 கி.மீ.க்கு மேல் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் மாகாண அரசு பயணச் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது, ஆனால் முதலில் நீங்கள் கைக்காசைப் போட வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் முயற்சிக்கு 40,000 பேருக்குக் குறைந்த ஊரை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். டிம்மின்ஸ் அந்த அளவில் இருக்கும் ஊர், 2021 கணக்கில் 41,000 பேர்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 11, 17 நெடுஞ்சாலைகள் பெரும் பகுதிக்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி, நடுவில் லாரிகள். விபத்தோ பனிப்புயலோ வந்தால் மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள், பல இடங்களில் சுற்றிப் போக வேறு சாலை இருக்காது. 2016 ஜனவரியில் தண்டர் பேக்குக் கிழக்கே நிபிகான் ஆற்றுப் புதுப் பாலத்தின் தளம் 60 செ.மீ. அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டது, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரே சாலை அதுதான் என்பதால் அமெரிக்கா வழியாகத்தான் சுற்ற முடிந்தது. டொராண்டோவிலிருந்து வடக்கே ஓடிய நார்த்லாண்டர் ரயிலை 2012இல் நிறுத்தினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலை பல வருடமாக நடக்கிறது, அட்டவணையில் உங்கள் ஊரின் நேரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அதைக் கணக்கில் சேருங்கள். இப்போதைக்குக் கார் ஓட்டத் தெரியாத பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள்.

அப்புறம், ஊரைப் பார்க்கப் போவது என்றால் பிப்ரவரியில் போங்கள். ஜூலையில் எல்லா ஏரியும் அழகுதான். டிம்மின்ஸ் வான்கூவரைவிடத் தெற்கே இருக்கிறது, ஆனால் கடல் பக்கத்தில் இல்லாததால் அங்கே சில இரவுகள் -40 வரை இறங்கும். அந்தக் காலையில் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நின்று பாருங்கள். கார்களின் முன் கிரில்லிலிருந்து ஒரு பிளக் வயர் தொங்கும், அது இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருக்கானது. நீங்கள் எடுக்கப் போகும் வீட்டு வாசலில் அதற்கு ஒரு கரண்ட் பாயின்ட் இருக்கிறதா? நகராட்சியின் பனி வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது உங்கள் டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பை ஒதுக்கிவிட்டுப் போகும். அது மிருதுவான பனி அல்ல, உப்பும் மணலும் ஐஸ் கட்டியும் கலந்து இறுகியது, காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு முன்னால் யார் அதை வெட்டி எடுப்பது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தெருவில் நடந்துகொண்டே கூரைகளையும் பாருங்கள். ஓரத்தில் தடித்தடியாய் ஐஸ் தொங்கும் வீட்டில் உள்ளே போடும் சூடு மேலே கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் கூரையில் பனி அப்படியே சீராகக் கிடந்தால் அங்கே இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது.

வீடு பிடித்துவிட்டால் கடந்த 12 மாத ஹீட்டிங் பில்லை எல்லாம் கேட்டு வாங்குங்கள். எரிவாயுக் குழாய் வரும் தெருவா, கரண்ட் பேஸ்போர்டா (சுவர் ஓரத்து ஹீட்டர்), எண்ணெயா, புரொப்பேனா என்பதில் மாதச் செலவு ரொம்பவே மாறும். விறகு அடுப்பு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பரிசோதனைச் சான்று கேட்கும். தீயணைப்பு நிலையம் தூரமாக இருந்தாலும் பிரீமியம் ஏறும். நகர எல்லைக்கு வெளியே கிணறு, செப்டிக் டாங்க் இரண்டையும் வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டும். சொத்து வரி விகிதம் டொராண்டோவைவிட அதிகம், குறைந்த விலை வீட்டுக்கும் பில் பெரிதாக வரும். வடக்கு என்பதால் மத்திய வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள், சட்பரி, நார்த் பே, தண்டர் பே அந்த எல்லைக்குள் வராது. வருமானத்தைப் பொறுத்துக் கிடைப்பது மாகாணத்தின் வட ஒன்டாரியோ எரிசக்தி உதவித்தொகை, அதை வரிப் படிவத்தில் கேட்டு வாங்குங்கள்.

மனிதர்களைப் பற்றி. டிம்மின்ஸ், சட்பரி, அதற்கும் மேலே கபுஸ்கேசிங், ஹியர்ஸ்ட் பக்கம் பிரெஞ்சு தெரிந்தால் வேலைக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும், பிள்ளைகளைப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பிரெஞ்சு இம்மர்ஷன் வகுப்பில் போடுவது நல்லது. இது அனிஷினாபே, கிரீ பழங்குடி மக்களின் நிலம். அவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் மட்டமான பேச்சு காதில் விழும், தயவுசெய்து அதை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அரிசி, பருப்புக்குக் கவலையில்லை, பெரிய ஊர்களில் இந்தியக் கடைகள் வந்துவிட்டன. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் அன்று வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருங்கள். கல்லூரி உள்ள ஊர்களில் செப்டம்பரில் வாடகை வீடு கிடைப்பது சிரமம், மாணவர்கள் கிளம்பும் ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் தேடுங்கள். குத்தகையில் பனி அள்ளுவது யார், ஹீட்டிங் யார் கட்டுவது, பிளாக் ஹீட்டர் கரண்டுக்குத் தனிக் காசா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.